புனித வெள்ளியன்று பூக்குழி: நேட்டால் வழக்கம் பற்றி ஒரு பதில்

அன்பருக்கு வணக்கம். மதுரையிலிருந்து வேலை நிமித்தமாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பனுக்கு வந்து சில மாதங்களே ஆன தாங்கள், புனித வெள்ளியன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோயிலில் நடந்த தீமிதியைக் கண்டு நான்கு கேள்விகளை எழுப்பியிருக்கிறீர்கள். ஊரில் ஆடியிலோ சித்திரையிலோ நடக்கும் விழா, இயேசு சிலுவையில் அறையுண்ட நாளில் இங்கே நடப்பானேன். மிதிப்பது மாரியம்மனுக்கா, திரௌபதிக்கா. மிதித்தவர்களின் பாதம் வெந்து போகாதது எப்படி. வருகிற ஆண்டு தாங்களும் மிதிக்கலாமா. இவற்றுள் முதற்கேள்வியில் மட்டும் ஒரு தயக்கம் தெரிகிறது. "இரண்டு மதத்தையும் கலந்துவிட்டார்களோ" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், பஞ்சாங்கத்தை விட்டு நகர்ந்துவிட்ட திருவிழா அதே திருவிழாதானா என்பதே தாங்கள் கேட்க விரும்பியது என்று கொள்கிறேன்.

நான் இந்த மண்ணில் பிறந்த நான்காம் தலைமுறை. கோயில் திண்ணைப் பள்ளியில் தமிழ் எழுத்தைக் கற்று, பின்னர் அதையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாலை வகுப்புகளில் பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கிறேன். திருவிழா நாள்களில் பாரதக் கதை சொல்லியிருக்கிறேன். காப்புக் கட்டிக்கொண்டு பதினொரு முறை தீ மிதித்துமிருக்கிறேன். சிவாச்சாரியார் அல்லேன், மருத்துவனும் அல்லேன். ஆகவே ஆகம விதி குறித்தும் உடம்பு குறித்தும் நான் சொல்வதை அந்த அளவில் மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நாளைப் பற்றி முதலில். 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்ய வந்த 342 பேருடன் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911-இல் ஒப்பந்த முறை நிறுத்தப்படும் வரையில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் இங்கே கொண்டுவரப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறையில் கப்பலேறியவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி, வாரத்தில் ஆறு நாள் வேலை, எழுத்து மூலமான அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்து எல்லையைத் தாண்டினால் தண்டனை. இந்த நிலையில் இருந்தவரிடம் போய் ஆடி வெள்ளி என்றும் பங்குனி உத்திரம் என்றும் பஞ்சாங்கத்தைப் பிரித்துக் காட்டி என்ன பயன்? தீமிதி என்பது ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் காரியமன்று. குழி வெட்ட வேண்டும், விறகு சேர்க்க வேண்டும், பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் சொந்தக்காரர்கள் நடந்தே வந்து சேர வேண்டும். இவ்வளவுக்கும் இடம் தரும்படி ஆங்கிலேயரின் ஈஸ்டரை ஒட்டி அடுத்தடுத்து ஓய்வு கிடைத்தது. முதலாளிக்கு அது துக்க நாள், தொழிலாளிக்கு விடுமுறை நாள். அந்த விடுமுறையை அம்மனுக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியன்று இன்றைக்கும் கூட்டம் அலைமோதுவதற்கும், கேட்டோ மேனரில் இரண்டாம் ஆற்றுக் கோயில் என்று நாங்கள் சொல்லும் அம்பலவாணர் ஆலயத்தில் ஈஸ்டரையொட்டித் தீமிதி நடப்பதற்கும் இதுவே காரணம். இதுவரை சொன்னது உறுதி. இதனோடு நான் சேர்த்துக்கொள்ளும் ஊகம் ஒன்றும் உண்டு: கரும்பாலைகள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் அரைவையைத் தொடங்கும், ஆகவே ஈஸ்டர் என்பது வெட்டு வேலை உச்சத்தை எட்டும் முன்பு வரும் மூச்சு விடும் நேரம். நம்முடைய உழவர்கள் அறுவடைக்குப் பின்னோ விதைப்புக்கு முன்னோ அம்மனுக்கு விழா எடுப்பதைப் போல, இங்கே கரும்பே பருவத்தைக் குறித்துக் கொடுத்திருக்கலாம்.

கிறித்தவ நாள் மட்டுமே கடன் வாங்கப்பட்டது என்றும் எண்ண வேண்டா. அக்காலத்து நேட்டாலில் இந்தியத் தொழிலாளர்களுக்கென்று விடுமுறை விடப்பட்ட பெருவிழா முகர்ரம். வெள்ளைக்காரர்கள் அதைக் "கூலி கிறிஸ்துமஸ்" என்று ஏளனமாக அழைத்தார்கள். கல்லறை வடிவில் சோடித்த தாஜியா என்னும் கூடுகளைச் சுமந்து செல்லும் அந்த ஊர்வலத்தில் தமிழரும் தெலுங்கரும் ஏராளமாகக் கலந்துகொண்டார்கள். 1908-இல் இங்கு வந்த ஆரிய சமாஜத் துறவியான சுவாமி சங்கரானந்தர், இந்துக்கள் முகர்ரத்தை விட்டுத் தீபாவளியைக் கொண்டாட வேண்டும், அதற்கு விடுமுறை வேண்டும் என்று பெருமுயற்சி செய்தார். அவருடைய நோக்கத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் எங்கள் முன்னோர் கிடைத்த விடுமுறையில் கூடிய மக்கள் என்பதையும், விடுமுறை எவருடையது என்று அவர்கள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை என்பதையும் மறந்துவிட்டு இன்றைய வழக்கத்தைப் புரிந்துகொள்ள முடியாது. தீபாவளிக்கு இந்நாட்டில் இன்றும் பொது விடுமுறை இல்லை. புனித வெள்ளிக்கு உண்டு.

இனித் தாங்கள் மதுரைக்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன். 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, கள்ளழகர் வைகையில் எழுந்தருளினார். அதே நாள்தான் அந்த ஆண்டின் புனித வெள்ளி. நாங்கள் இங்கே குழியில் இறங்கியதும் அன்றுதான். அதற்கு முந்தைய ஆண்டில் மார்ச் 30 அன்று பங்குனி உத்திரமும் புனித வெள்ளியும் ஒரே நாளில் வந்தன. இது அதிசயமன்று. மார்ச் 21-ஆம் தேதியிலோ அதற்குப் பின்னரோ வரும் முதற்பௌர்ணமியை அடுத்த ஞாயிறே ஈஸ்டர் என்பது திருச்சபையின் கணக்கு. ஆகையால் அதற்கு முந்தைய வெள்ளி எப்போதும் ஒரு பௌர்ணமியை ஒட்டியே, பெரும்பாலும் அது கழிந்த ஐந்தாறு நாள்களுக்குள், வந்து விழும். அந்தப் பௌர்ணமி பங்குனியிலோ சித்திரைத் தொடக்கத்திலோ அமையும். எங்கள் பெரியவர்களில் சிலர் இதை எடுத்துக்காட்டி, "முன்னோர் பஞ்சாங்கம் பார்த்துத்தான் நாள் குறித்தார்கள், வெள்ளைக்காரனுக்குத் தெரியாமல் பங்குனி உத்திரத்தையே கொண்டாடினார்கள்" என்று பெருமையாகச் சொல்வதுண்டு. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அப்படிக் கணக்கிட்டு வைத்தார்கள் என்பதற்கு ஒரு சான்றையும் நான் கண்டதில்லை. விடுமுறை முதலில் வந்தது, பௌர்ணமி உடன் வந்தது என்று கொள்வதே நேர்மை.

நாள் மாறியதால் விழா மாறிவிட்டதா என்பதற்கு ஊரையே சாட்சிக்கு அழைக்கலாம். தீமிதிக்குத் தமிழகத்திலேயே ஒரே நாள் கிடையாது. சத்தியமங்கலத்துக்கு அருகில் பண்ணாரி மாரியம்மன் கோயிலில் குண்டம் இறங்குவது பங்குனியில். எத்தனையோ ஊர்களில் ஆடியில். வேறு சில ஊர்களில் மாசியிலும் சித்திரையிலும். சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் தீபாவளிக்குச் சில நாள் முன்பாக ஐப்பசியில் மிதிக்கிறார்கள். கந்த சஷ்டியையோ சிவராத்திரியையோ இப்படி நகர்த்த முடியாது, ஏனெனில் அவை திதியோடு பிறந்தவை. தீமிதி வேண்டுதலோடு பிறந்தது. ஊர் கூடி முடிவு செய்து, கொடியேற்றிக் காப்புக் கட்டிய நாளிலிருந்துதான் அதற்குக் காலம் ஓடத் தொடங்குகிறது.

இரண்டாம் கேள்வி சற்றே சிக்கலானது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். திரௌபதியம்மன் வழிபாட்டின் தாயகம் செஞ்சிச் சீமை. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரியே முதற்கோயில் என்பது அங்குள்ள மரபு. ஆல்ஃப் ஹில்டெபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் அந்தப் பகுதியில் ஊர் ஊராகத் திரிந்து ஆராய்ந்து 1988-இல் வெளியிட்ட நூலில் இவ்வழிபாட்டை விரிவாக எழுதியிருக்கிறார். அந்த முறைப்படி, பாரதம் படிக்கத் தொடங்கிய பின் அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான், அரவான் களப்பலியாவான், கடைசியில் மண்ணால் செய்த துரியோதனன் உருவம் படுகளத்தில் நெடுக்கக் கிடக்க, விரித்த கூந்தலைத் திரௌபதி அங்கே முடிப்பாள், அதன் பிறகே தீமிதி, அதன் பிறகே தருமர் பட்டாபிஷேகம். அம்மன் சந்நிதிக்கு எதிரே போத்தராசன் காவல் நிற்பான். முத்தால் இராவுத்தர் என்ற முஸ்லிம் வீரரும் காவல் தெய்வமாக நிற்பார். நேட்டாலுக்கு வந்தவர்களில் மிகப் பலர் வட ஆர்க்காடு முதலிய வட தமிழக மாவட்டத்தார். ஆகவே இந்தக் கதை கப்பலில் கூடவே வந்ததில் வியப்பில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வியாச பாரதத்தில் போர் முடிந்த பின் திரௌபதி தீ மிதித்தாள் என்று எங்கும் இல்லை. துருபதனின் வேள்வித் தீயில் அவள் தோன்றினாள் என்பது மட்டுமே அங்கே உண்டு. பிறந்த இடத்துக்கே திரும்பிச் சென்று, கனலைப் பூவாக்கி, தன் தூய்மையை உலகறியக் காட்டினாள் என்பது நம் நாட்டுப்புறத்தார் வேள்வித் தீயிலிருந்து வளர்த்தெடுத்த கதை. பூமிதி, பூக்குழி என்ற பெயர்களும் அந்த நம்பிக்கையில் கிளைத்தவை. நூலில் இல்லாததால் இது பொய் என்று வாதிடுவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. வழிபாட்டுக்கு ஏட்டைப் போலவே குழியும் ஓர் ஆதாரந்தான். ஆயினும் வகுப்பில் பிள்ளைகள் "இது மகாபாரதத்தில் எந்தப் பருவத்தில் வருகிறது" என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவேன். இல்லாததை உண்டு என்று சொல்லி வளர்த்தால், பின்னாளில் அவர்கள் ஏட்டைப் பார்க்கும்போது ஏட்டையும் நம்ப மாட்டார்கள், நம்மையும் நம்ப மாட்டார்கள்.

மாரியம்மனுக்கு மிதிப்பது வேறொரு வழி. அங்கே போருமில்லை, கூந்தல் முடிப்புமில்லை. அம்மை நோய் உடம்பில் ஏறிய வெப்பம். அதைத் தருபவளும் தணிப்பவளும் அவளே. வேப்பிலை, மஞ்சள், கூழ் எல்லாம் குளிர்ச்சிக்கு. தீக்குழியோ அந்த வெப்பத்தை அவள் பெயரைச் சொல்லி நேருக்கு நேர் சந்திப்பதற்கு. பெரியம்மை 1980-இல் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் வேண்டுதல் ஒழியவில்லை. பிள்ளைப்பேறு, வேலை, மகனின் குடிப்பழக்கம், புற்றுநோய் என்று அவளிடம் கொண்டுபோகும் வெப்பம் மாறியிருக்கிறது. நேட்டாலில் இந்த இரண்டு வழிகளும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. மாரியம்மன் கோயிலில் திரௌபதியின் கதையைச் சொல்லி மிதிப்பார்கள். மிதிப்பவரைக் கேட்டால் "அம்மாவுக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். தெலுங்குக் குடும்பத்தார் கங்கையம்மனையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆகவே தாங்கள் கண்டது எவளுக்கு என்று கேட்டால், கரகம் எந்தப் பெயரில் சோடிக்கப்பட்டது, படுகளம் நடந்ததா இல்லையா என்ற இரண்டையும் கோயிலாரிடம் கேட்டுப் பாருங்கள். விடை அங்கே இருக்கும். தாங்கள் சொன்ன அந்த "கலப்பு" இங்கே இருக்கிறது, ஆனால் அது மாரிக்கும் திரௌபதிக்கும் இடையிலானது, கிறித்தவத்தோடு அன்று. கோயிலுக்குள் சிலுவைக்கோ உயிர்த்தெழுதலுக்கோ ஒரு சடங்கும் இல்லை. எங்கள் வீடுகளில் வேண்டுமானால் கலப்பு உண்டு: என் சொந்தத் தங்கை குடும்பத்தோடு தேவாலயத்துக்குப் போகிறவள், அன்று பிற்பகல் ஆராதனை முடிந்து, குழிக்கு வெளியே வேலியோரம் வந்து நின்று, நான் அக்கரை சேர்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

காப்பைப் பற்றித் தாங்கள் கேட்கவில்லை. ஆனால் தீயைவிட அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். கொடியேறியதும் மணிக்கட்டில் மஞ்சள் துண்டு முடிந்த நூலைக் கட்டிக்கொண்டவர், எங்கள் கோயிலில் பத்து நாள்கள், ஊனும் மதுவும் தாம்பத்தியமும் நீக்கி, ஒருவேளை உணவோடு, தரையில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். இழவு வீட்டுக்குப் போகலாகாது. கோபப்படலாகாது, தோட்ட வேலையில் கங்காணியிடம் அடி வாங்கிக்கொண்டு அதைக் காப்பாற்றியவர்களை எண்ணிப் பார்க்கிறேன். என் பாட்டி சொல்வாள்: "காப்புக் கட்டினவன மொதலாளி அடிச்சாலும், அன்னிக்கு அவன் அம்மாவோட புள்ள." பெயருக்குப் பதிலாக எண் பொறித்த தகட்டைக் கொண்டு அடையாளம் காணப்பட்ட ஒருவனுக்குப் பத்து நாள்களுக்கு வேறோர் அடையாளம் கையில் இருந்தது. காட்டு விலங்குகளிடமிருந்து அம்மன் காத்தாள் என்ற கதைகளைவிட இந்த ஒரு செய்தி எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மூன்றாவது, பாதம். பக்தியால் தீ குளிர்கிறது என்பது நம்பிக்கை. அதில் நான் தலையிட மாட்டேன். அறிவியல் சொல்வதையும் மறைக்க மாட்டேன். நன்றாக எரிந்து சாம்பல் பூத்த கரி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும் பொருள். ஒவ்வோர் அடியும் அதன்மேல் தங்குவது ஒரு விநாடிக்கும் குறைவு. ஆகையால் சில நூறு டிகிரிச் சூட்டின்மீதும் சில அடிகள் நடந்து கடக்க முடிகிறது. 1935-இல் இலண்டனுக்கு அருகே ஹாரி பிரைஸ் என்பவர், காஷ்மீரத்தைச் சேர்ந்த குதா பக்ஸ் என்பவரைக் குழியில் நடக்கச் செய்து அறிவியலாளர் முன்னிலையில் சோதித்துப் பார்த்தார். அவர் காயமின்றிக் கடந்தார். பின்பற்றி நடந்து பார்த்த வேறு சிலருக்குக் காலில் கொப்புளம் கண்டது. எங்கள் பக்கத்தில் வாட்டில் மர விறகையே எரிக்கிறோம். புளிய விறகு கிடைக்காது. விறகு முழுவதும் கனலாகி, தணலைப் பரப்பி, ஆணியும் கல்லும் பொறுக்கியெடுத்து, சுளகால் விசிறிச் சாம்பலை நீக்குவது வரை எல்லாம் அனுபவசாலிகளின் கையில்தான் இருக்கும். அப்படியும் கால் வெந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் ஐந்தாவது முறையில் எனக்கே இடது குதிகாலில் ஒரு கொப்புளம் வந்தது. விரதத்தில் ஏதோ குறை என்று சுற்றியிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பாதி வழியில் எவரோ என் பெயரைக் கூப்பிட, நான் நின்று திரும்பிப் பார்த்தேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். வெந்தவர்களைக் குற்றவாளிகளாக்கும் இந்தப் பேச்சு எனக்குச் சிறிதும் உடன்பாடில்லாதது. காயத்தை மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சீழ் வைத்த பிறகு மருத்துவரிடம் ஓடுவது இதனால்தான்.

தாங்கள் மிதிக்கலாமா என்றால், மிதிக்கலாம். சாதியோ பிறந்த ஊரோ இங்கே எவரும் கேட்பதில்லை. சூலு மக்களும் வெள்ளையரும் காப்புக் கட்டிக்கொண்டு மிதித்ததை நான் கண்டிருக்கிறேன். ஆனால் புனித வெள்ளியன்று காலையில் வந்து வரிசையில் நிற்பவரை எந்தப் பொறுப்பான கோயிலும் குழியில் இறக்காது. கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் முன்பே கோயிலாரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். மஞ்சள் வேட்டி ஒன்று போதும், மற்றதைக் கோயிலில் தருவார்கள். சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்: பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போனவருக்குச் சுடுவதே தெரியாது, புண் ஆறவும் ஆறாது, அவர்கள் குழிக்கு வெளியே பாற்குடம் எடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். குழியில் இறங்கிய பிறகு ஓட வேண்டா. ஓடினால் முன்பாதம் தணலுக்குள் புதையும். நிற்கவும் வேண்டா. கூப்பிட்டாலும் திரும்ப வேண்டா. இயல்பாக நடந்து, மறுகரையில் பால் ஊற்றிய சிறு பள்ளத்தில் இரண்டு காலையும் நனைத்த பிறகே மூச்சு விடுங்கள். காப்பை அன்றே அவிழ்த்துவிடக் கூடாது. விழா முடிந்து கரகம் ஆற்றில் கரைக்கப்படும்போதுதான் அவிழ்க்க வேண்டும். அது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும், திங்களும் விடுமுறைதான்.